இரவல் ரத்தக் குழாய்: வெட்ட இருந்த காலை மீட்குமா?

இறந்து போன ஒருவரின் காலில் இருந்து ரத்தக் குழாயை எடுக்கிறார்கள். அதைக் கடுங்குளிரில் உறைய வைத்துப் பாதுகாக்கிறார்கள். பல மாதம் கழித்து, முன்பின் தெரியாத இன்னொருவரின் காலுக்குள் அதை வைத்துத் தைக்கிறார்கள்.

வெட்டி எடுக்கப்பட இருந்த கால் தப்பி விடுகிறது!

இது கட்டுக்கதை அல்ல. அமெரிக்காவில் பல ஆண்டுகளாக நடந்து வரும் வைத்தியம்.

கண் தானம் நமக்குத் தெரியும். சிறுநீரகத் தானமும் தெரியும். ரத்தக் குழாயையும் தானம் செய்யலாம் என்பது பலருக்குத் தெரியாது.

இந்த இரவல் குழாய் எத்தனை நாள் உழைக்கும்? சீக்கிரம் அடைத்துப் போகும் என்று தெரிந்திருந்தும் டாக்டர்கள் ஏன் அதை வைக்கிறார்கள்? இதனால் கெடுதல் உண்டா?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கால் ஏன் அழுகுகிறது?

நம் உடம்பில் இரண்டு வகை ரத்தக் குழாய்கள் இருக்கின்றன.

இதயத்தில் இருந்து ரத்தத்தை உடம்புக்குக் கொண்டு போகும் குழாய் ஒரு வகை. இதற்குத் தமனி என்று பெயர். உடம்பில் இருந்து ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு வரும் குழாய் இன்னொரு வகை. இதற்குச் சிரை என்று பெயர்.

வயிற்றில் இருந்து கிளம்பும் தமனி, தொடை வழியாக இறங்கி, முழங்காலுக்குப் பின்னால் போய், பாதம் வரை செல்கிறது. பாதத்துக்கு உயிர் கொடுப்பது இந்தக் குழாய்தான்.

வயது ஏற ஏற இந்தக் குழாயின் உள்பக்கத்தில் கொழுப்பும் சுண்ணாம்புச் சத்தும் படிகின்றன. பழைய தண்ணீர்க் குழாயில் பாசியும் துருவும் படிவது போல.

இரண்டு பேருக்கு இது வேகமாக வரும். ஒருவர், சர்க்கரை வியாதி உள்ளவர். மற்றவர், பீடி, சிகரெட், சுருட்டு பிடிப்பவர். இரண்டும் சேர்ந்து விட்டால் கேட்கவே வேண்டாம்.

முதலில் நடக்கும்போது கெண்டைக்கால் வலிக்கும். நின்றால் வலி போய்விடும். மறுபடியும் நடந்தால் மறுபடியும் வலிக்கும். "வயதாகி விட்டது. அதனால்தான்" என்று பலரும் இதைச் சும்மா விட்டு விடுகிறார்கள்.

அடைப்பு முற்றினால், இரவில் படுத்ததும் பாதம் எரியும். காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் கொஞ்சம் சுகமாக இருக்கும். தொங்கும் காலுக்கு ரத்தம் சற்று எளிதாக இறங்குவதே காரணம்.

பிறகு விரலில் ஒரு புண் வரும். அது செருப்புக் கடித்த புண்ணாக இருக்கலாம். நகம் வெட்டும்போது பட்ட காயமாக இருக்கலாம். மற்றவருக்கு ஒரு வாரத்தில் ஆறிவிடும். இவருக்கு ஆறாது. ரத்தம் வந்தால்தானே ஆறும்! விரல் கறுக்கும். அழுகல் மேலே ஏறும்.

சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்து விடும். வலியே தெரியாமல் புண் வளரும்.

இந்த நிலைக்கு வந்தவர்களுக்கு ரத்த ஓட்டத்தைச் சரி செய்யாவிட்டால், ஏறக்குறைய 4 பேரில் ஒருவர் ஓராண்டுக்குள் காலை இழக்கிறார். உயிரை இழப்பவர்களும் ஏறக்குறைய அதே அளவுதான். கால் போவது காலோடு முடிவது இல்லை. அவருடைய பிழைப்பு போகிறது. வீட்டில் உள்ளவர்களின் நிம்மதியும் போகிறது.

அடைப்பைச் சுற்றி ஒரு வாய்க்கால்

வாய்க்காலில் ஓர் இடத்தில் மண் சரிந்து அடைத்துக் கொண்டது. மண்ணை அள்ள முடியவில்லை. விவசாயி என்ன செய்வார்? அடைப்புக்கு மேலே கரையை வெட்டி, பக்கத்தில் புது வாய்க்கால் தோண்டி, அடைப்புக்குக் கீழே கொண்டு போய்ச் சேர்ப்பார். தண்ணீர் பயிருக்குப் போய்விடும்.

"பைபாஸ்" ஆபரேஷனும் இதுவேதான்.

தொடையில் அடைப்பு இருந்தால், அதற்கு மேலே தமனியில் ஒரு துளை போடுகிறார்கள். முழங்காலுக்குக் கீழே நல்ல இடத்தில் இன்னொரு துளை. இரண்டையும் ஒரு குழாயால் இணைக்கிறார்கள். தைக்கும் நூல் மிக மெல்லியது.

அந்தக் குழாய்க்கு எங்கே போவது?

நோயாளியின் காலிலேயே ஒரு குழாய் இருக்கிறது! கணுக்காலின் உள்பக்கத்தில் தொடங்கி, தொடை இடுக்கு வரை, தோலுக்குக் கீழே ஒரு நீண்ட சிரை ஓடுகிறது. உடம்பில் உள்ள சிரைகளில் இதுவே மிக நீளமானது. இதை எடுத்து விட்டாலும், ஆழத்தில் உள்ள மற்றச் சிரைகள் வேலையைப் பார்த்துக் கொள்ளும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. சிரைக்குள் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. அவை மேல்நோக்கித்தான் திறக்கும். ரத்தம் கீழே வழிந்து விடாமல் தடுக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. பைபாஸ் செய்யும்போதோ ரத்தம் மேலிருந்து கீழே போக வேண்டும்.

அதனால் டாக்டர்கள் சிரையைத் தலைகீழாகத் திருப்பி வைத்துத் தைக்கிறார்கள். அல்லது உள்ளே உள்ள கதவுகளை அறுத்து விடுகிறார்கள்.

பாரிஸ் நகரத்தில் பிறந்த யோசனை

ரத்தக் குழாயைத் தைப்பது எளிய வேலை அல்ல. ஒரு காலத்தில் அது முடியாத காரியமாகவே இருந்தது.

1894-ம் ஆண்டு பிரான்ஸ் நாட்டு ஜனாதிபதி சாடி கார்னோ, லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டார். வயிற்றில் ஒரு பெரிய ரத்தக் குழாய் அறுந்து போனது. அதைத் தைக்க யாருக்கும் தெரியவில்லை. ஜனாதிபதி இறந்து போனார்.

அந்த ஊரில் அப்போது அலெக்சிஸ் காரல் என்ற இளைஞர் வைத்தியம் படித்துக் கொண்டிருந்தார். "துணியைத் தைக்க முடியும்போது ரத்தக் குழாயை ஏன் தைக்க முடியாது?" என்ற எண்ணம் அவரைப் பிடித்துக் கொண்டது. பூ வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் போய் ஊசி பிடிக்கப் பழகினார். 1902-ம் ஆண்டு, ரத்தக் குழாய்களை இணைத்துத் தைக்கும் முறையை வெளியிட்டார். 1912-ம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனாலும் கால் அடைப்புக்கு இது பயன்படப் பல ஆண்டுகள் ஆயின.

1948-ம் ஆண்டு ஜூன் 3-ந் தேதி, பாரிஸ் நகரில் ஜான் குன்லின் என்ற டாக்டர் ஒரு நோயாளிக்கு ஆபரேஷன் செய்தார். அந்த நோயாளியின் காலில் முன்பே ஆபரேஷன் செய்து பலன் இல்லை. அடைப்பு இருந்த இடம் முழுவதும் தழும்பேறிக் கிடந்தது. குன்லின் அந்த இடத்தைத் தொடவில்லை. நோயாளியின் சிரையை எடுத்துத் திருப்பி வைத்து, அடைப்புக்கு மேலும் கீழும் தைத்து விட்டார்.

காலுக்கு ரத்தம் பாய்ந்தது. இன்றைய கால் பைபாஸ் ஆபரேஷனுக்கு அதுவே ஆரம்பம்.

சொந்தக் குழாய் இல்லாதவர்கள்

"சிரைதான் எல்லோருக்கும் இருக்கிறதே! அப்புறம் இரவல் எதற்கு?" என்று கேட்கலாம்.

எல்லோருக்கும் அது பயன்படும் நிலையில் இருப்பது இல்லை.

இதய பைபாஸ் ஆபரேஷனுக்கும் இதே சிரையைத்தான் எடுக்கிறார்கள். 1967-ம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரில் ரெனே பவலோரோ என்ற டாக்டர் இதைச் செய்த பிறகு, உலகம் எங்கும் அது பரவியது. இதய அடைப்பு வந்தவருக்கே கால் அடைப்பும் வருவது சகஜம். இதயத்துக்குக் கொடுத்து விட்டால், காலுக்கு மிச்சம் இருப்பது குறைவு.

நரம்புச் சுருட்டல் நோய்க்காகச் சிலர் சிரையை எடுத்து விட்டிருப்பார்கள். சிலருக்கு அது மிக மெல்லியதாக இருக்கும். இன்னும் சிலருக்கு முன்பு ஒரு பைபாஸ் செய்து, அதுவும் அடைத்துப் போயிருக்கும்.

அடுத்தபடி டாக்டர்கள் கையில் உள்ள சிரையைப் பார்ப்பார்கள். அடிக்கடி ஊசியும் குளுக்கோசும் ஏற்றிக் கொண்டவர்களுக்கு அதுவும் கெட்டுப் போயிருக்கும்.

அதற்கு அடுத்தது செயற்கைக் குழாய். துணியாலும் பிளாஸ்டிக் வகையாலும் செய்த குழாய்கள் இவை. அமெரிக்க டாக்டர் மைக்கேல் டிபேக்கி, 1950-களில் டேக்ரான் என்ற துணியை வாங்கி, வீட்டுத் தையல் மெஷினில் தானே குழாயாகத் தைத்தார். வயிற்றில் உள்ள பெரிய தமனிக்கு இத்தகைய குழாய் இன்றும் நன்றாக உழைக்கிறது.

முழங்காலுக்குக் கீழே கதை வேறு. அங்கே தமனி சிறியது. ரத்தம் மெதுவாக ஓடும். செயற்கைக் குழாயில் ரத்தம் உறைந்து சீக்கிரம் அடைத்துக் கொள்கிறது.

இன்னொரு கஷ்டம் சீழ். புண்ணில் சீழ் பிடித்த காலில் செயற்கைக் குழாயை வைத்தால், கிருமிகள் அதில் ஒட்டிக் கொள்ளும். மருந்துக்கு எளிதில் அசையாது. குழாயையே எடுத்து எறிய வேண்டி வரும்.

சொந்தச் சிரை இல்லை. செயற்கைக் குழாய் வைக்க வழி இல்லை. காலோ அழுகிக் கொண்டிருக்கிறது. இந்த இடத்தில்தான் இரவல் குழாய் வருகிறது.

இறந்தவர் தரும் குழாய்

இறந்தவரின் ரத்தக் குழாயைப் பொருத்துவது புதிய யோசனை அல்ல.

1950-ம் ஆண்டு பாரிஸ் நகரில் ஜாக் ஊடோ என்ற டாக்டர், அடைத்துப் போன வயிற்றுத் தமனியை எடுத்து விட்டு, இறந்தவரின் தமனியைப் பொருத்தினார். இவர் அதே ஆண்டு இமயமலையில் அன்னபூர்ணா சிகரம் ஏறிய பிரெஞ்சுக் குழுவுக்கு வைத்தியராகப் போய் வந்தவர். 1951-ம் ஆண்டு சார்ல் டுபோஸ்ட் என்ற டாக்டர், பலூன் போல வீங்கிய வயிற்றுத் தமனிக்கும் இதேபோல மாற்றுத் தமனி வைத்தார்.

ஆனால் ஆண்டுகள் போகப் போக, அந்தத் தமனிகள் வீங்கின. சில அடைத்துக் கொண்டன. அந்த நேரத்தில் துணிக் குழாயும் வந்து விட்டது. இறந்தவரின் குழாயை டாக்டர்கள் ஒதுக்கி வைத்தார்கள்.

1970-களில் அமெரிக்காவில் டார்டிக் சகோதரர்கள் வேறு ஒரு வழி கண்டார்கள். பிரசவத்துக்குப் பிறகு எறிந்து விடும் தொப்புள் கொடியில் ஒரு சிரை இருக்கிறது. அதைத் தோல் பதனிடுவது போலப் பதனிட்டு, மேலே வலை சுற்றிக் காலில் வைத்தார்கள்! பிறந்த குழந்தையின் கொடி, தாத்தா வயதுள்ளவரின் காலைக் காத்தது.

உறைய வைக்கும் முறை தேறியதும், இறந்தவரின் சிரைக்கு மறுபடியும் மதிப்பு வந்தது.

ஒருவர் இறந்ததும், குடும்பத்தாரின் சம்மதத்தோடு, ஏறக்குறைய ஒரு நாளுக்குள் சிரையை எடுத்து விடுகிறார்கள். எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமிகள், மேக நோய் ஆகியவை இருக்கின்றனவா என்று ரத்தத்தைச் சோதிக்கிறார்கள்.

பிறகு சிரையை ஒரு விசேஷத் திரவத்தில் ஊற வைக்கிறார்கள். உறையும்போது பனிக்கட்டி முள் போலக் குத்திக் குழாயைக் கிழித்து விடாமல் அந்தத் திரவம் காக்கிறது. அதன் பின் மெல்ல மெல்லக் குளிர வைத்து, திரவ நைட்ரஜன் தொட்டியில் வைக்கிறார்கள். திரவ நைட்ரஜனின் குளிர் பூஜ்யத்துக்கும் கீழே 196 டிகிரி!

ஆஸ்பத்திரியில் தேவைப்படும்போது சிரையை எடுத்து, உறைவைப் போக்கி, கழுவி, தைக்கிறார்கள்.

ஐரோப்பாவில் சில இடங்களில், உறைய வைக்காமல் 4 டிகிரி குளிரில் வைத்துச் சில வாரங்களுக்குள் பயன்படுத்துகிறார்கள். நரம்புச் சுருட்டல் ஆபரேஷனில் உயிரோடு இருப்பவரிடம் இருந்து எடுத்த சிரையைப் பதப்படுத்தி இன்னொருவருக்கு வைத்ததும் உண்டு.

எத்தனை நாள் உழைக்கும்?

இதுதான் முக்கியமான கேள்வி.

சொந்தச் சிரையால் செய்த நல்ல பைபாஸ், 5 ஆண்டு கழித்தும் நூற்றுக்கு 60, 70 பேருக்குத் திறந்திருக்கிறது.

இரவல் சிரை அப்படி அல்ல. பல ஆஸ்பத்திரிகள் வெளியிட்ட கணக்குகளைப் பார்த்தால், ஓராண்டு முடிவில் நூற்றுக்கு ஏறக்குறைய 30 முதல் 60 பேருக்குத்தான் அது திறந்திருக்கிறது. மற்றவர்களுக்கு அடைத்து விடுகிறது.

"அப்படியானால் இது வீண்தானே?" என்று தோன்றும்.

அங்கேதான் ஆச்சரியம் இருக்கிறது. அதே கணக்குகளில், ஓராண்டு முடிவில் கால் தப்பியவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 70, 80 பேர்!

குழாய் அடைத்த பிறகும் கால் எப்படித் தப்பியது?

ஆறாத புண்ணுக்கு நிறைய ரத்தம் வேண்டும். கிருமியை எதிர்க்க வேண்டும். புதுச் சதை வளர வேண்டும். தோல் மூட வேண்டும். இத்தனைக்கும் ரத்தம் தேவை.

புண் ஆறித் தோல் மூடி விட்டால், தேவை குறைந்து விடுகிறது. குறைந்த ரத்தத்திலும் பாதம் காலம் தள்ளும்.

வீடு கட்டும்போது சாரம் கட்டுகிறோம். சுவர் எழும்பியதும் சாரத்தைப் பிரித்து விடுகிறோம். சாரம் நூறு ஆண்டு நிற்க வேண்டும் என்று யாராவது கேட்பார்களா? இரவல் சிரையும் அப்படித்தான். புண் ஆறும் வரை அது நின்றால், அதன் வேலை பெரும்பாலும் முடிந்தது.

ஆகவே, "குழாய் எத்தனை ஆண்டு உழைத்தது?" என்ற ஒரு கேள்வியை மட்டும் வைத்து இந்த வைத்தியத்தை எடை போடக் கூடாது. "புண் ஆறியதா? கால் மிஞ்சியதா? அவர் எழுந்து நடந்தாரா?" என்றும் கேட்க வேண்டும்.

ஆனால் எல்லோருக்கும் இப்படி நடப்பது இல்லை. புண் ஆறுவதற்கு முன்பே குழாய் அடைத்து, காலை இழந்தவர்களும் உண்டு. நடு வயதுக்காரர் ஒருவருக்குப் பல ஆண்டு உழைக்க வேண்டும் என்றால், இரவல் சிரை முதல் யோசனையாக இருக்க முடியாது.

கெடுதலும் உண்டு

வேறு ஒருவரின் உறுப்பு நம் உடம்புக்குள் வந்தால், உடம்பு சும்மா இருக்காது. "இது அந்நியன்" என்று கண்டு எதிர்க்கும்.

சிறுநீரகம் மாற்றும்போது, இந்த எதிர்ப்பை அடக்கப் பலமான மருந்து கொடுக்கிறார்கள். இரவல் சிரைக்கு வழக்கமாக அப்படிக் கொடுப்பது இல்லை. அந்த மருந்து கொடுத்தால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். புண்ணும் ஆறாது. ஆகவே சிரையின் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுகிறது. தடித்து அடைக்கலாம். சில சமயம் மெலிந்து வீங்கலாம்.

இதில் பலர் கவனிக்காத ஓர் ஆபத்து இருக்கிறது.

இரவல் சிரையை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்கள் ரத்தத்தில் தங்கி விடுகின்றன. பின்னால் அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் தேவைப்பட்டால், பொருத்தமானது கிடைப்பது கஷ்டமாகி விடும். சர்க்கரை வியாதி காலையும் கெடுக்கிறது, சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. ஆகவே இது வெறும் ஏட்டு ஆபத்து அல்ல. சிறுநீரகம் பழுதான நோயாளிக்கு இரவல் சிரை வைக்கும் முன் இதைப் பேசியாக வேண்டும்.

கிருமிப் பயமும் உண்டு. 2001-ம் ஆண்டு அமெரிக்காவில், தானமாக வந்த முழங்கால் எலும்புத் திசுவைப் பொருத்திக் கொண்ட ஓர் இளைஞர், அதில் இருந்த கிருமியால் இறந்து போனார். அதைப் பதப்படுத்திய நிறுவனத்தின் திசுக்களைத் திரும்ப எடுத்துக் கொள்ளும்படி 2002-ம் ஆண்டு அமெரிக்க அரசு உத்தரவு போட்டது. ரத்தக் குழாய்களும் அந்த உத்தரவில் அடங்கின. தானம் புனிதமானதுதான். ஆனால் அதைக் கையாளுகிற இடம் சுத்தமாக இருக்க வேண்டும்.

செலவும் பெரிது. அமெரிக்காவில் உறைய வைத்த ஒரு சிரைக்கே பல ஆயிரம் டாலர் ஆகிறது. ஆபரேஷன் செலவு தனி.

பைபாசா? பலூனா?

தொடையில் ஊசித் துளை போட்டு, அதன் வழியே பலூனைச் செலுத்தி அடைப்பை விரிக்கும் முறையும் இருக்கிறது. பெரிய வெட்டுக் காயம் இல்லை. நோயாளி சீக்கிரம் வீடு திரும்பலாம். எது நல்லது?

இதை அறிய இரண்டு பெரிய பரிசோதனைகள் நடந்தன.

ஒன்றின் முடிவு 2022-ம் ஆண்டு வெளிவந்தது. அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளில் 1,830 நோயாளிகள் சேர்ந்தார்கள். சொந்தக் காலின் நீண்ட சிரை நல்ல நிலையில் இருந்தவர்களில், பைபாஸ் செய்தவர்களுக்கே பலன் அதிகம். மரணமோ காலுக்குப் பெரிய கேடோ நேர்ந்தவர்கள், பைபாஸில் நூற்றுக்கு 43 பேர். பலூன் முறையில் நூற்றுக்கு 57 பேர்.

ஆனால் அத்தகைய சிரை இல்லாமல், மாற்றுக் குழாய் தேவைப்பட்டவர்களுக்கு, இரண்டு முறைகளுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

2023-ம் ஆண்டு வெளிவந்த இன்னொரு பரிசோதனை பிரிட்டன், சுவீடன், டென்மார்க் நாடுகளில் நடந்தது. 345 பேர் சேர்ந்தார்கள். முழங்காலுக்குக் கீழே அடைப்பு உள்ளவர்கள் இவர்கள். இங்கே பலூன் முறைக்கே பலன் அதிகம். காலையோ உயிரையோ இழந்தவர்கள், பைபாஸில் நூற்றுக்கு 63 பேர். பலூனில் நூற்றுக்கு 53 பேர்.

ஒன்றுக்கொன்று முரணாக இருக்கிறதே என்று திகைக்க வேண்டாம். நோயாளிகள் வேறு. அடைப்பு இருந்த இடம் வேறு. ஆனால் ஒரு பாடம் தெளிவாகத் தெரிகிறது. சொந்தச் சிரை இல்லாதவருக்கு, பலூன் முறையால் முடியுமா என்று பார்க்காமல் இரவல் சிரைக்குத் தாவக் கூடாது. பலூனும் முடியாது, செயற்கைக் குழாயும் ஆகாது, அடுத்தது காலை வெட்டுவதுதான் என்ற இடத்தில் இரவல் சிரைக்கு உண்மையான மதிப்பு இருக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் வளரும் குழாய்

இறந்தவரின் சிரை கேட்டவுடன் கிடைப்பது இல்லை. ஆகவே குழாயையே வளர்க்க முடியுமா என்று விஞ்ஞானிகள் பார்த்தார்கள்.

அமெரிக்காவில் லாரா நிக்லாசன் என்ற பெண் விஞ்ஞானி தொடங்கிய ஹியூமசைட் என்ற நிறுவனம் இதைச் செய்து காட்டியது. தானமாகக் கிடைத்த மனிதத் தமனியின் உயிரணுக்களை ஒரு வலைக் குழாயின் மேல் வளர விடுகிறார்கள். வலை கரைந்து போகிறது. உயிரணுக்கள் கட்டிய சுவர் நிற்கிறது. பிறகு அந்த உயிரணுக்களைக் கழுவி நீக்கி விடுகிறார்கள். அந்நியனின் அடையாளம் போய்விட்டதால், உடம்பின் எதிர்ப்புக் குறைகிறது.

உக்ரைன் போரில் காயம் பட்டவர்களுக்கும் இதை வைத்தார்கள். 2024-ம் ஆண்டு டிசம்பர் 19-ந் தேதி அமெரிக்க அரசு இதற்கு அனுமதி வழங்கியது.

ஆனால் அந்த அனுமதி, கை கால் தமனி காயத்தில் அறுந்து, சொந்தச் சிரையைப் பயன்படுத்த முடியாதவர்களுக்கு மட்டும். சர்க்கரை வியாதி அடைப்புக்கு அல்ல. குழாய் கிழிந்து ரத்தம் கொட்டக்கூடும் என்ற கடுமையான எச்சரிக்கையும் அதோடு சேர்த்தே கொடுக்கப்பட்டது.

நமக்கு என்ன?

2023-ம் ஆண்டு வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வுப்படி, நம் நாட்டில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு இந்த வியாதி இருக்கிறது. ஆறாத கால் புண் எந்தத் தெருவிலும் அதிசயம் இல்லை.

நம் நாட்டு உறுப்பு தானச் சட்டம் 1994-ம் ஆண்டு வந்தது. 2011-ம் ஆண்டுத் திருத்தத்தில் திசுக்களும் சேர்க்கப்பட்டன. அந்தச் சட்டத்தின் கீழ் உள்ள உறுதிமொழிப் படிவத்தில் கண், தோல், எலும்பு, இதய வால்வு ஆகியவற்றோடு ரத்தக் குழாயும் இருக்கிறது. படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் இதைக் கவனித்துப் பார்க்கலாம். வீட்டாரிடமும் சொல்லி வைக்க வேண்டும். கடைசி நேரத்தில் சம்மதம் கேட்பது அவர்களிடம்தான்.

ஆனால் இரவல் கிடைக்கும் என்று நம்பி இருப்பதைக் கெடுத்துக் கொள்ளக் கூடாது. மேலே கண்ட கணக்குகள் எல்லாம் ஒன்றைத்தான் சொல்கின்றன: சொந்தச் சிரைக்கு ஈடு இல்லை.

நடந்தால் கெண்டைக்கால் வலி, நின்றால் சரி என்று இருந்தால், டாக்டரிடம் காட்டுங்கள். கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தத்தை அளந்து பார்த்தே அடைப்பைப் பெரும்பாலும் கண்டுபிடித்து விடலாம். கத்தி இல்லை. வலியும் இல்லை.

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் தினமும் இரவில் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். கண் மங்கியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். புகைப் பழக்கத்தை விட்டு விடுங்கள். பைபாஸ் செய்து கொண்ட பிறகும் புகைப்பவருக்கு, எந்தக் குழாய் வைத்தாலும் சீக்கிரம் அடைக்கும்.

"காலை எடுக்க வேண்டும்" என்று டாக்டர் சொன்னால், மூன்று கேள்விகள் கேளுங்கள். காலுக்கு ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது? அதைத் திருப்பிக் கொண்டு வர வழி உண்டா? ரத்தக் குழாய் நிபுணர் ஒருவர் பார்த்தாரா?

சில சமயம் அழுகல் முற்றி, உயிரைக் காக்கக் காலை எடுத்தே ஆக வேண்டி வரும். அப்போது தாமதிக்கக் கூடாது. ஆனால் அந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரியாமல் ஒரு காலும் போகக் கூடாது.